நெற்றியில் மாட்டும் வார்

பதுளையில் பள்ளிக்கூடப் பைகள் தைப்பவர் இவர். பேசும்போதும் ஊசியை உதட்டிலேயே வைத்திருப்பார், பயம் கேட்பவருக்குத்தான். பக்கத்து ஊரான எல்லவில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், பனிச்சறுக்குப் பலகைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டித் தூக்கிப்போக ஒரு வார் தைத்துக் காட்டச் சொன்னார். மாதிரி பிடித்தால் பெரிய ஆர்டர். இல்லாவிட்டால் இவர் மறுபடி கொழும்பில் கார்மெண்ட் வேலைக்குப் போகவேண்டும்.

பனிமலையையே பார்க்காத மனிதர், தேயிலைக் கொழுந்துக் கூடைக்குப்போல நெற்றியில் மாட்டும்படி தைத்திருந்தார்.

அரசாங்கக் கொள்முதல் அலுவலகத்தில் காலம் கழித்த, அவர் பக்கத்து வீட்டுக்காரனான நான், "இந்த வாரைப் பாவிக்கப்போறவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"எங்கம்மா அப்பிடித்தாங்க மல ஏறுனாங்க. ரெண்டு கையும் சும்மா இருக்கும்ல?"

வெள்ளைக்காரர் வந்து, நீளமான பலகைகள் இரண்டை நெற்றியில் தொங்கவிட்டு நடந்து பார்த்தார். ஒவ்வோர் அடிக்கும் அவை குதிகாலில் இடித்தன. தோளில் மாட்டுவதுபோல் வேண்டும் என்றார். இவருக்காக வாதாட நான் வாயைத் திறப்பதற்குள், இவர் நெற்றிப்பட்டையை வெட்டியெடுத்து, அங்கேயே தோள்வாராக்கிக் கொடுத்துவிட்டார். ஆர்டர் கிடைத்தது.

"என்னங்க, இப்படி விட்டுக்குடுத்துட்டீங்க?"

"தொரைக்குக் கை சும்மா இருந்து என்ன சார்? அங்க பறிக்கக் கொழுந்தா இருக்கு?"