ஒன்றரைக் கட்டையில் ஒரு பியானோ

சுருதிப் பெட்டியோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த வீட்டில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் பியானோ இசைத்தட்டுக்குச் சுருதி சேர்க்கிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஃபிளாட்டில். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஃபிளாட்காரர் ரயில்வே ஆபீஸில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அப்பாவுக்குச் சிநேகிதர், அதனால் எனக்கு மாமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் முடிந்ததும் அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்கள் அவர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து இசைத்தட்டு கேட்பார்கள். முக்கால்வாசி கர்நாடக சங்கீதம்தான். மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் சுருதிப் பெட்டியை யாரிடமாவது கொடுத்துத் துருத்தியை அசைக்கச் சொல்வார். பிறகு தட்டைச் சுழலவிட்டு, பாடுகிறவரின் சட்ஜம் பெட்டியோடு சேருகிற வரைக்கும் பிளேயரின் லீவரை நகர்த்துவார். அது வெளிநாட்டு பிளேயர். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், குறைக்கலாம். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். பழைய தட்டுகள் பலவும் முன்பின்னாகத்தான் பதிவாகியிருக்கும் என்பதால் அந்த வழக்கத்தைத் தப்பு என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

நான் அப்போது ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. கான்வென்ட் பள்ளியில் படித்தபோது ஒட்டிக்கொண்ட பியானோ என்னை விடவில்லை. பார்சி காலனியில் ஒரு வீட்டுக்காரி, தன் பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு சும்மா கிடந்த பியானோவில் என்னை வாசிக்கவிட்டாள். ஆபீஸ் விட்டதும் ரயிலிறங்கி நேராக அங்கேதான் போவேன். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே ஒரு படைப்பைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஐரோப்பியர் பியானோவுக்கென்றே எழுதியது. இன்னொருவர் அதைப் பிற்பாடு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியிருந்தார்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆண்டுவிழா வைத்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் மேடையிலேயே ஒரு பியானோ இருந்தது. “நம்மாத்துப் பொண்ணு வாசிக்கட்டுமே” என்று மாமாவே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குப்பிறகு அம்பர்நாத்தில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ், ஒரு அறையும் சமையலறையும். பியானோவைக் கண்ணால் பார்ப்பதற்கே வழி கிடையாது. இந்த ஒரு சாயங்காலத்தை விட்டால் எனக்கு வேறு இல்லை.

அப்புறம் யாரோ ஆரம்பித்தார்கள்: ஒற்றைப் பியானோ எதற்கு, மாமாவிடம் இருக்கிற ஆர்கெஸ்ட்ரா தட்டையே ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் ஹால் நிறைந்துவிடுமே என்று. இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். நானும் சந்தோஷமாகப் பார்சி வீட்டிலிருந்து பியானோ தட்டை வாங்கிக்கொண்டு போனேன். கேட்டால் புரிந்துகொள்வார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை.

பியானோவில் அது நம் சுருதிக் கணக்குக்கு இரண்டு கட்டை. ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியவர் தம் வாத்தியங்களின் வசதிக்காக ஒரு கட்டைக்கு இறக்கியிருந்தார். மாமா இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பார்த்தார், யோசித்தார், சுருதிப் பெட்டியை ஒன்றரைக் கட்டையில் வைத்தார்.

“ஃபேர் கம்பாரிசன்னா ரெண்டும் ஒரே சுருதியில இருக்கணுமோல்லியோ? நடுவுல நின்னுட்டா ரெண்டு பேருக்கும் அநியாயம் இல்லே” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு கட்டைப் பியானோவை ஒன்றரைக்கு இறக்க லீவர் பின்னால் போயிற்று. தட்டு சோம்பிப்போய்ச் சுற்றியது. நான் ஒரு வருஷம் விரல் நோக வாசித்த இசை, ஜுரத்திலிருந்து எழுந்தவன் நடை போல வந்தது. நடுவில் இசை வேறு சுருதிக்கு நகரும் இடம் ஒன்று உண்டு. அதற்காகவே அந்த ஐரோப்பியர் அந்தப் பகுதியை எழுதியிருக்கிறார் என்று சொல்லலாம். மாமா முகத்தைச் சுளித்தார், கை தானாக லீவருக்குப் போயிற்று. “விலகறது பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் இழுத்துப் பெட்டிக்குள் சேர்த்தார்.

பிறகு ஆர்கெஸ்ட்ரா. ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக்கு ஏற்ற, லீவர் முன்னால் போயிற்று. ஐம்பது அறுபது வாத்தியங்கள் துள்ளிக்கொண்டு வந்தன. தொடைகளில் தாளம் விழுந்தது. “ஆஹா” என்றார்கள்.

தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். “இது கலியாண வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரில்லா இருக்கு. அந்தப் பியானோ ஒத்தையில உக்காந்து பொலம்புத மாதிரி இருந்துச்சு” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காதில் விழுந்ததை ஒளிக்காமல் சொன்னார். கோபமெல்லாம் அந்தக் காதுக்கு இப்படி ஊட்டியவர்கள் மேல்தான். “பியானோக்காரருக்குக் கை தளர்ந்து போச்சு போல, பாவம்” என்று ஒருவர் இரக்கப்பட்டார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் எழுந்துவிட்டேன். “மாமா, நீங்கதான் அவர் கையைப் பிடிச்சு இழுத்துட்டேள். லீவரை அதோட எடத்துல வெச்சுப் போடுங்கோ. இது வேற சங்கீதம், சுருதி மாறித்தான் ஆகும்.”

கூடத்தில் பெண்கள் குரல் அவ்வளவு உயர்ந்து அவர்கள் கேட்டதில்லை. மாமாவுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். சிரித்துக்கொண்டே சரியான வேகத்தில் போட்டார். ஆனால் பெட்டியை நிறுத்தவில்லை. ஒன்றரைக் கட்டை ரீங்காரத்தின் மேல் இரண்டு கட்டைப் பியானோ வந்து மோதியது. நாராசம். பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“பெட்டியை நிறுத்தச் சொல்லுங்கோ” என்றேன்.

“சுருதி இல்லாம என்னத்தம்மா கேக்கறது?” என்றார் மாமா, நிஜமாகவே புரியாமல். “போறும், முடிஞ்சுது. ஆர்கெஸ்ட்ராவே போட்டுடலாம். நீ இறைவணக்கம் பாடிடு, என்ன?”

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதை முழுக்க அழுகை. அம்மா, “போனால் போறது, கல்யாணத்துக்கு முன்னால எதுக்கு ஊர்வம்பு” என்றாள். அவளோடும் சண்டை போட்டேன்.

பிற்பாடு ரேடியோவில் அதே படைப்பைப் பல பேர் பல விதமாக வாசித்துக் கேட்டேன். வேறு இரண்டு பேர் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியதையும் கேட்டேன். ஒருவர் எக்காளத்தை அவிழ்த்துவிட்டிருந்தார், இன்னொருவர் கொஞ்சம் அடக்கம். மெதுவாகப் போகும் பகுதி ஒன்றில் பியானோ கீழ்ஸ்தாயியில் ஒரு தட்டு தட்டிவிட்டு அந்தச் சத்தம் தேய்ந்து அடங்குகிற வரை காத்திருக்கும். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ஒருவருக்கும் அது பொறுக்கவில்லை. கொம்புகளை ஊதி அந்தச் சத்தத்தை நீட்டிவிடுகிறார்கள், தேயவே விடுவதில்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவர் கேட்டது அந்தத் தேய்மானத்தை. இதை அன்று அந்தக் கூடத்தில் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

ஆண்டுவிழாவுக்கு நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பாவின் முகத்துக்காகப் போனேன். ஹாலுக்குள் நுழைந்ததும் மேடையைப் பார்த்தேன். பியானோவை மேடை நடுவுக்குத் தள்ளி, அதன் மேல்மூடியில் வெள்ளைத் துணி விரித்து, பிளேயரையும் சுருதிப் பெட்டியையும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு வேறு.

நேராக மேடைக்குப் போனேன். “இதை இறக்குங்கோ” என்றேன்.

“வேற மேஜை கெடைக்கல்லேம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார் மாமா.

ஜனங்கள் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பியானோவின் முன்மூடியைத் திறந்தேன். உட்கார ஸ்டூல் இல்லை. நின்றபடியே, இரண்டு கட்டையில், அது எந்த வேகத்தில் போகவேண்டுமோ அந்த வேகத்தில் ஆரம்பித்தேன். மேலே பிளேயர் கடகடவென்று ஆடியது. முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா ஓடிவந்து பிளேயரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, நிறுத்தும்மா! ஊசி ஒடைஞ்சுடும்மா!”

முதல் பக்கம்கூட முடியவில்லை, கையை எடுத்துவிட்டேன். என் ஆயுசில் ஒரு சபைக்கு முன்னால் நான் வாசித்தது அவ்வளவுதான்.