நாலு ஜாக்கெட்டோடு ஈஜிபுராவுக்கு: அத்தையைப் பார்க்கப் போன ஆடி வெள்ளி

இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அருவி, கோயில், நல்ல காபி கிடைக்கும் ஊர் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை போனது பெங்களூரில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு. சுற்றிப் பார்க்கிற இடமில்லைதான். ஆனால் உங்களில் பலருக்கு அம்மாவோ பெரியப்பாவோ இப்படி ஓர் இடத்தில் இருப்பார்கள். "அடுத்த மாசம் போகலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டும் இருப்பீர்கள். நானும் அந்தக் கட்சிதான் என்பதால் எழுதுகிறேன்.

கிளம்பியதற்குக் காரணம் ஒரு வாட்ஸப் செய்தி. ஜூலைக் கடைசியில் இல்லத்திலிருந்து வந்தது. "சரோஜா அம்மாவுக்கு ஜாக்கெட் எல்லாம் லூசாகிவிட்டது. சின்ன அளவில் நாலு தைத்துக் கொண்டுவரவும்." கீழே அளவும் போட்டிருந்தார்கள். சரோஜா என் அத்தை, அப்பாவின் தங்கை. எழுபத்தாறு வயது. பெங்களூர் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்று, ஆஸ்டின் டவுனில் தனியாக ராஜ்ஜியம் நடத்தியவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. ஒன்றிரண்டு சொல் வரும், அதுவும் எப்போதாவது. ஒரே மகன் சேகர் கனடாவில் இருக்கிறான். அவன் பணம் கட்டுவது, கிருஷ்ணகிரியில் இருக்கும் நான் போய்ப் பார்ப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு. நான் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

செய்தியைப் படித்ததும் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம், நேராகத் தையல்காரரிடம் போனது. அவர் பழைய ஜாக்கெட்டையும் புது அளவையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், முப்பத்தாறு எப்படி முப்பது ஆச்சு? ஆள் மாத்தி அனுப்பிட்டாங்களா?" என்றார். வயசானால் இளைக்கத்தானே செய்வார்கள் என்று நான்தான் அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எதுக்கும் உள்ள துணி விட்டுத் தைக்கிறேன். தேறினா பிரிச்சுக்கலாம்" என்றார். யோசித்துப் பாருங்கள், சொந்தக்காரனுக்கு வராத சந்தேகம் டேப் பிடிக்கிறவருக்கு வந்திருக்கிறது.

கிளம்பியது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். காலை 6.40க்குக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் அரசுப் பேருந்து. மடிவாளா வரை டிக்கெட் 95 ரூபாய், தூரம் ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஓசூர் வரை பறந்த பஸ் அத்திப்பள்ளியில் ஊர ஆரம்பித்தது. மடிவாளாவில் இறங்கும்போது 9.20. முகூர்த்த நாளாக இருந்தால் இன்னும் முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே நின்று சாப்பிடும் ஓட்டலில் இட்லி வடையும் காபியும் 85 ரூபாய். தட்டு நிறையச் சாம்பார் ஊற்றினார்கள், நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

அங்கிருந்து ஈஜிபுரா மூன்றரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 150 கேட்டார். மீட்டர் போடச் சொன்னேன். "மீட்டர் எல்லாம் சும்மா சார், பில்லர் கீழ பூந்து போவணும், ஃபுல் ஜாம். நூறு குடுங்க, சாக்கு" என்றார். 'சாக்கு' என்றால் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். மேம்பாலத் தூண்களுக்கு அடியில் நுழைந்து 20 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டார். முதியோர் இல்லம் என்றதும் திரும்பிப் பார்த்து, "அம்மாவா சார்?" என்றார். அத்தை என்றேன். "பரவால்ல, வந்து பாக்கறீங்களே" என்றார். அந்தப் பாராட்டை அப்போது கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இல்லம் மூன்று மாடி வீடு, இருபத்திரண்டு படுக்கைகள். சுத்தத்துக்குக் குறை சொல்ல முடியாது. பார்வை நேரம் மாலை நாலு முதல் ஐந்து. நான் இதற்குமுன் போன இரண்டு தடவையும் அந்த நேரம்தான், ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு. இன்று ஜாக்கெட் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் 10.15க்கே மேலே விட்டார்கள்.

அத்தையைக் கவனித்துக்கொள்பவர் சாந்தி. நாற்பது வயதிருக்கும். தருமபுரிப் பக்கத்துக்காரர், ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறார். புது ஜாக்கெட்டைப் போட்டுவிட அவர் அத்தையின் ஸ்வெட்டரைக் கழற்றியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோள் எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மேல்கையை என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றிப் பிடித்துவிடும் போலிருந்தது. வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும், நேரில் வந்தால் ஸ்வெட்டரும் சால்வையும் மறைத்துவிடும். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வா" என்றார்.

அத்தையின் கட்டில் மற்றவர்களுடையதோடு வரிசையில் இல்லாமல் ஜன்னலோரம் தனியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பக்கத்து பெட்டு அம்மாவோட தட்டுல இவங்க கை வெக்கிறாங்க சார். எடுத்து வாயில போட்டுக்கறாங்க. அவங்க வீட்டுல கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்க, அதான் தள்ளிப் போட்டோம். டாக்டர் ஃபைல்லகூட ஏறிடுச்சு, குணம் மாறிடுச்சுன்னு."

பக்கவாதத்தில் மூளை கொஞ்சம் குழம்புவது உண்டுதானே என்று அதையும் விழுங்கிக்கொண்டேன். அன்று காலை எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

12.30க்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. சோறு, சாம்பார், பல்யா என்கிற பீன்ஸ் பொரியல், மோர். எல்லாக் கட்டிலிலும் தட்டு வைத்தார்கள். அத்தைக்கு ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் மல்லிகைப்பூவும். மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, "சாந்திம்மா, அத்தைக்கு?" என்றேன்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழம இல்லவா சார்? அவங்களுக்கு விரதம்."

"விரதமா?"

"ஆமா சார். இந்த நெலமையிலயும் ஒரு நாள்கூட விடல. ரொம்ப நேமம். வெள்ளிக்கிழம ஆனா நாங்க பூ வெச்சு, கால்ல வியுந்து கும்புட்டுட்டுத்தான் போவோம்."

சாந்தி கிண்டல் செய்யவில்லை. பெருமையாகச் சொன்னார். அத்தை என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை. எதிர்க் கட்டில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கீழே ஓடினேன். சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. கட்டில் எண்ணுக்கு நேராகச் சர்க்கரை நோய்க்காரர்களுக்குப் பச்சை வட்டம், உப்பு குறைக்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு. அத்தையின் பதினான்காம் கட்டிலுக்கு நேராகக் கோடு. கோடு என்றால் அன்றைக்குச் சமையலில் கணக்கில்லை, காலையிலும் மதியமும் மாலையும் பால் மட்டும். எந்தெந்த நாள் கோடு என்று கேட்டேன். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, இரண்டு ஏகாதசி, இரண்டு பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி. போன மாதத்தை விரல்விட்டு எண்ணினேன். பதினான்கு நாள். மாதத்தில் பாதி.

யார் செய்த அக்கிரமம் இது என்று மேலாளர் அறையில் நின்று கத்தினேன். இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். மேலாளர் கன்னடக்காரர், நிதானமான பெண்மணி. எதிர்த்துப் பேசாமல் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துச் சேர்க்கைப் படிவத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்கதானே சார் எழுதினது?"

என் கையெழுத்துதான். பதினான்கு மாதத்துக்கு முன் அத்தையைச் சேர்த்த அன்று, உணவுப் பழக்கம் என்ற இடத்தில் 'சுத்த சைவம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'விரத நாட்கள்' என்று இருந்தது. சேகரும் போனில் இருந்தான். அம்மா சஷ்டி இருப்பாங்க என்றான். செவ்வாயும் உண்டு என்றேன். ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு, அத்தை ஆயுசில் இருந்த விரதம் அத்தனையையும் பட்டியல் போட்டோம். கடைசி வரியில், 'தவறாமல் கடைப்பிடிக்கவும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

அத்தையின் விரதம் என்ன லட்சணம் என்று எனக்குத் தெரியாதா? சஷ்டி குழந்தை வேண்டி இருந்தது, சேகர் பிறந்ததும் நின்றது. செவ்வாய் மாமாவின் வேலைக்காக. அறுபது வயதுக்குப் பிறகு வெள்ளி ஒன்றுதான் மிச்சம். அதுவும் பகலில் சோறு கிடையாது, அவ்வளவே. விளக்கேற்றினதும் ரவா உப்புமா, ஜவ்வரிசிப் பாயசம், அன்றைக்குத்தான் வீட்டில் பலகாரம் அமர்க்களப்படும். நாங்கள் ஆஸ்டின் டவுனுக்கு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் போவோம். இதையெல்லாம் எழுதப் படிவத்தில் இடமில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு பேருக்கு ஒரே அடுப்பில் சமைக்கிறவர்களுக்கு விரதம் என்றால் சமைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

எடையைக் கேட்டேன். மாதாமாதம் எடுத்திருக்கிறார்கள், ஆனால் மாதத்துக்கு ஒரு புதுத் தாள். மேலாளரும் நானும் பதினான்கு தாளையும் மேஜையில் வரிசையாக அடுக்கினோம். சேரும்போது 54 கிலோ. பிறகு 52, 50, 47 என்று இறங்கி, கடைசித் தாளில் 39. அடுக்கி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாங்க பாத்திருக்கணும்" என்றார். அதற்குமேல் சண்டை போட எனக்கு யோக்கியதை இல்லை.

இல்லத்துக்கு வரும் மருத்துவரிடம் போனில் பேசினோம். ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள், ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு அது ஆபத்து, ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை கொடுங்கள் என்றார். 1.40க்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைந்த ரசம் சாதத்தோடு மாடி ஏறினேன்.

அத்தையை நிமிர்த்தி உட்காரவைக்கச் சாந்தி தலையணையைத் தூக்கினார். அடியிலிருந்து மூன்று சின்னப் பொட்டலங்கள் விழுந்தன. தினசரிக் காலண்டர் தாளில் சுற்றியவை. அந்தக் காலண்டரும் நான் டிசம்பரில் வாங்கிக் கொடுத்ததுதான். தினமும் இரவில் இடது கையால் அன்றைய தாளைக் கிழிப்பது அத்தைக்கு இருந்த ஒரே வேலை. ஒரு பொட்டலத்தில் பாதிச் சப்பாத்தி, மற்ற இரண்டிலும் காய்ந்த ரொட்டித் துண்டு. தாள்களைப் பார்த்தேன். ஒன்று நேற்றைய வியாழன், மற்ற இரண்டும் திங்கள். மறுநாள் சோறு வராது என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் வாயில்லை.

"அய்யோ தேவ்ரே" என்று சாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் கால்ல வியுந்தேனே சார். பசியோட இருக்கறவங்க கால்ல வியுந்தேனே."

கரண்டி கிட்டே போகும் முன்பே அத்தை வாயைத் திறந்தார். பத்துக் கரண்டி. நான் அழுதேன், ஒளிக்கவில்லை. "அத்தை, நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்று சொன்னேன். புரிந்ததா தெரியவில்லை. காலிக் கிண்ணத்தை இடது கையால் என் பக்கம் தள்ளி, "இன்னும்" என்றார். மருத்துவர் சொன்னதை நினைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். பிறகு கீழே போய்ப் புதுப் படிவம் வாங்கி, விரத நாட்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். 5.30க்கு மடிவாளாவில் பஸ் பிடித்து, வீடு சேர 8.45.

நான்கு வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை, அதே பஸ்ஸில் மறுபடி போனேன். எடை 40.5. மெதுவாகத்தான் ஏறுமாம். தையல்காரர் விட்ட துணியைப் பிரிக்க இன்னும் நாளாகும். கட்டில் பழையபடி வரிசைக்கு வந்துவிட்டது. ஆறு மணிக்கு இரவு உணவு முடிந்தால் மறுநாள் காலை எட்டரை வரை ஒன்றுமில்லை என்றிருந்ததை மாற்றி, இரவு எட்டரைக்கு ராகிக் கஞ்சி தருகிறார்கள். மேலாளர் எல்லாருடைய எடையையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி ஒட்டியிருக்கிறார். அப்படி எழுதியபின் இன்னும் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்ததாம். ஒருவருக்கு அவர் மகள், "ராத்திரிக்குப் பால் போதும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பார்வை நேரத்தில் போகாதீர்கள், சாப்பாட்டு நேரத்துக்கு அனுமதி கேட்டுப் போங்கள், தட்டு வருவதையும் திரும்பிப் போவதையும் உட்கார்ந்து பாருங்கள். ஸ்வெட்டருக்குள் இருக்கும் கையைத் தொட்டுப் பாருங்கள். எடைத் தாள்களை ஒன்றாகக் கேளுங்கள். படிவத்தில் எதைச் சாப்பிட மாட்டார் என்று எழுதும்போது, அதற்குப் பதில் எதை, எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்றும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதை வாங்கித் திரும்பப் படியுங்கள். பக்தியைக் காட்டிக்கொள்ள வேறு இடமா இல்லை? எனக்குப் போகவர, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 500 ரூபாய்கூட ஆகவில்லை. ஏழு மாதம் நான் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை கிளம்பும்போது சாந்தி என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னும் வெக்கிறாங்க சார்" என்றார். அத்தை தூங்கியதும் தலையணை ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். நேற்றைய வியாழக்கிழமைத் தாள், உள்ளே பாதித் தோசை. எடுத்துப் போடக் கை நீட்டினார். வேண்டாம், எறும்பு வராமல் ஒரு மூடி போட்ட டப்பா மட்டும் வைத்துவிடுங்கள் என்றேன். நாளைக்கும் சோறு வரும் என்று அத்தை நம்புகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.