வழவழப்பான சுவர்

கயிற்றில் தொங்கிய கூண்டு ஆடிக்கொண்டிருந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, பாதி மூச்சை வெளியே விட்டு, மீதியை நிறுத்திக்கொண்டாள். கூண்டு ஒரு பக்கம் போய்த் திரும்புவதற்குமுன் கண்ணிமைக்கும் நேரம் நிற்கும். அந்த நேரத்தில் கேமராவின் பொத்தானை அழுத்தினாள்.

"என்ன தங்கச்சி, சுவருக்குக் கல்யாண ஆல்பமா போடுறே? மணி பன்னிரண்டு ஆச்சு!" மேலே கூண்டை ஏற்றி இறக்கும் வின்ச்சை இயக்கிக்கொண்டிருந்தவர் கத்தினார்.

"கயிறை ஆட்டாம பிடிங்கண்ணே. லென்ஸு என் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். உங்க கை நடுக்கத்தைத் தாங்காது."

"என் கை எங்க ஆடுது? நீ காலையில சாப்பிடலை. காத்துக்கு ஆடுறே."

ஊருக்கே தண்ணீர் தரும் நிலத்தடித் தொட்டி. நாற்பதடி ஆழம். வருடத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் பிற்பகல் மூன்று மணிவரை, காலியாக இருக்கும். அதற்குள் நான்கு சுவர்களையும் கட்டம் கட்டமாகப் படமெடுத்து, விரிசல் உண்டா இல்லையா என்று பொறியாளருக்குக் காட்ட வேண்டும். ஃப்ளாஷ் போட்டால் ஈரச் சுவர் வெளிச்சத்தை முகத்திலேயே திருப்பி அடிக்கும். கூண்டில் ஸ்டாண்டு ஊன்ற வழியில்லை. நெற்றி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வைப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றி, கையில் பிடித்தே எடுத்தாள். அப்படி எடுத்தால் படம் முழுக்க மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள் விழும். அவற்றைக் கணினியில் துடைத்துவிடலாம். துடைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

கூடப் பிறந்த அண்ணனின் போட்டோ ஸ்டுடியோவில் பதினொரு வருடம் முகங்களைத் துடைத்திருக்கிறாள். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை. தன் முகத்தை உள்ளது உள்ளபடி கேட்டு ஒருவர்கூட வந்ததில்லை. அண்ணி வந்த பிறகு கடையில் ஒரு நாற்காலி குறைந்தது. அவளைப் போகச் சொன்னவர் யாருமில்லை. நின்றுகொண்டே எத்தனை நாள் வேலை பார்ப்பது? அப்போதுதான் இந்த ஒப்பந்தம் கிடைத்தது. இது இரண்டாவது வருடம். இதை விட்டால் கையில் வேறு வேலை இல்லை.

இரண்டரை மணிக்கு மேலே வந்தாள். தொட்டியை ஒட்டியே, படியிறங்கிப் போகும் மோட்டார் அறை; தொட்டிச் சுவர்தான் அதற்கும் ஒரு பக்கச் சுவர். வின்ச் அண்ணனுக்கு வருடத்தின் மற்ற நாட்களில் அங்கேதான் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, டிபன் பாக்ஸைத் திறந்தார். பொறியாளர் படிவத்தோடு காத்திருந்தார்.

"சீக்கிரம் காட்டும்மா. கையெழுத்துப் போட்டுட்டு வால்வைத் திறக்கச் சொல்லணும்."

மடிக்கணினியில் படங்களை ஏற்றினாள். திரையில் ஒரு குமிழ். வலப்பக்கம் இழுக்க இழுக்கப் புள்ளிகள் கரையும். பதினாறு கட்டங்கள் சுத்தமாயின. பதினேழாவதில் குமிழை இழுத்தபோது புள்ளிகளோடு சேர்ந்து ஒரு மெல்லிய கோடும் மறைந்தது.

பின்னால் இழுத்தாள். கோடு வந்தது. முன்னால் தள்ளினாள். போயிற்று.

"ஆங், அப்படியே விடு. சுத்தமா இருக்கு" என்றார் பொறியாளர்.

"சார், ஒரு கோடு இருக்கு." குமிழைப் பின்னால் இழுத்துக் காட்டினாள்.

"எங்க? ஒரே புள்ளியா இருக்கு, கண்ணே வலிக்குது. போன வருஷ ரிப்போர்ட்ல இந்த இடம் கண்ணாடி மாதிரி இருந்துச்சே. ஒரு வருஷத்துல எங்கேருந்து வரும்? போன தடவை மாதிரியே குடு." பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பதினேழாம் கட்டத்துக்கு இந்தப் பக்கம்தான் வின்ச் அண்ணன் சாய்ந்திருந்தார். போன வருடம் துடைக்குமுன் எடுத்துவைத்த மூலப் படத்தைத் தேடித் திறந்தாள். மணல் மணலாக விரிந்தது. பெரிதாக்கினாள். அதே இடத்தில் நான்கு விரல் நீளத்துக்குக் கோடு. இந்த வருடம் அது இரண்டு சாண்.

படிவத்தில் பேனா முனை பட்டுவிட்டது.

"சார், போடாதீங்க."

"என்னம்மா?"

"போன வருஷமே இருந்திருக்கு. நான் துடைச்சுக் குடுத்துட்டேன்." இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பொறியாளர் குனிந்தார். இரண்டு கோடுகளையும் விரலால் அளந்தார். "தெரிஞ்சே துடைச்சியா?"

"இல்ல சார். பழக்கத்துல."

"பழக்கத்துலயா! சுவரு என்ன மாப்பிள்ளை மூஞ்சியாம்மா? உன் படத்தை நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன்? இது மேலே போனா ரெண்டு பேர் தலையும் உருளும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மணி இரண்டு ஐம்பது. போனை எடுத்தார். "வால்வைத் தொடாதே. நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

வின்ச் அண்ணன் எழுந்து ஸ்டூலை வாசல்பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார். சாப்பாடு பாதியில் நின்றது.

"ஒரு வருஷமா இதுலதான் சாஞ்சு தூங்கியிருக்கேன், தங்கச்சி."

அவள் அவருடைய டிபன் பாக்ஸையும் எடுத்து வாசல்பக்கம் வைத்தாள்.

மறுநாள் தொட்டி காலியாகவே இருந்தது. சுவரில் துளையிட்டுப் பார்த்தவர்கள், விரிசல் சுவரின் பாதிக் கனத்தைத் தாண்டிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். மோட்டார் அறையைப் பூட்டினார்கள். பத்து மணிக்கு அவள் அலுவலகத்துக்குப் போய், இரண்டு வருட மூலப் படங்களையும் ஒப்படைத்தாள். ஒப்பந்தம் ரத்தான கடிதம் தயாராக இருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டாள். வீடு திரும்பியபோது கீழ்வீட்டுக்காரி, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டாள். தொட்டியில் பழுது, தண்ணீர் வர ஒரு மாதம் ஆகும் என்றாள் இவள். நான்கு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடம் பிடித்து மாடிக்கு ஏற்றினாள்.