வியாழக்கிழமை வரச் சொன்ன மகன்

நெதர்லாந்தின் கடலோர டெல்ஃப்சைல் ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள் கேர்ட்யா. என் பக்கத்து வீட்டுக்காரி. சட்டை, ஷூவோடு பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவாள். கால்வாயில் விழுகிற பிள்ளை நீச்சல் உடையிலா விழும் என்பாள். அழுகிற பிள்ளைக்கு முன்னால் நீளக் கழியை நீட்டிக்கொண்டே நடப்பாள். பிள்ளையின் கைக்கு எட்டும் சமயம் பார்த்துக் கழியைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். என் மகள் அப்படிக் கற்றபோது கரையில் உட்கார்ந்து மனசுக்குள் இவளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

வீட்டிலும் அதே கறார்தான். புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது ஒரே மகன் வெஸ்ஸல். ஆறு வயதிலேயே தன் ரொட்டிக்குத் தானே வெண்ணெய் தடவிக்கொண்டு, எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துத் தனியே பள்ளிக்கூடம் போவான். அதை இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்யும். ஆனால் பத்து வயதில் கடலணை மேல் விழுந்து மணிக்கட்டு ஒடிந்து, ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, மேசையில் தட்டுகளை எடுத்து வைத்த பிறகே, "அம்மா, கை ஒரு மாதிரி இருக்கு" என்றவன் அவன் ஒருவன்தான். பிறந்தநாளுக்கு வட்டமாக நாற்காலி போட்டு நாங்கள் காபி குடிக்கும்போதெல்லாம் கேர்ட்யா இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

"பையன் கை ஒடிஞ்சதுல உனக்கு என்னடி இவ்வளவு பெருமை?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"அலீ, உன் மக இன்னும் அழுக்குத் துணிய மூட்டை கட்டிக்கிட்டு உன் வீட்டுக்குத்தானே வர்றா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த வெஸ்ஸல் உட்ரெக்ட் நகரத்தில் வேலைக்குப் போய், தனியாக வீடு எடுத்து இருந்தான். போன வருஷம் அம்மாவின் பிறந்தநாளுக்கு வர முடியாது என்று போன் செய்தான். காரணத்தையும் அப்போதுதான் சொன்னான். ரத்தப் புற்றுநோய். வசந்தத்திலிருந்தே மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறானாம், கேட்கவில்லையாம்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்னம்மா ஆகப்போகுது? நானே பாத்துக்கறேன்."

"நான் வந்து கூட இருக்கேண்டா."

"எதுக்கு? நர்ஸ் வர்றாங்க. வியாழக்கிழமை மத்தியானம் வா, காபி குடிக்கலாம்."

சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகாத ஊர் எங்களுடையது. கேர்ட்யா வியாழன்தோறும் போனாள். அவனே காபி போட்டான். அவள் போர்வையைத் துவைக்க எழுந்தால், "உக்காரும்மா" என்பான். கடைசிவரை அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வரவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த மகன் வீட்டுக்கு என்னடி அனுமதி? கேக்காம போய் நில்லு!"

ஒரு திங்கட்கிழமை பட்டாணி சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். சாயங்காலமே திரும்பிவிட்டாள். "நல்லாத்தான் இருக்கான்" என்றதோடு சரி. புதன்கிழமை காலை நர்ஸ் போனபோது அவன் உயிர் போயிருந்தது.

அடக்கம் முடிந்து என் சமையலறையில் உட்கார்ந்தபோதுதான் திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னாள்.

"மணி அடிச்சேன், அலீ. ரொம்ப நேரம் கழிச்சு செவுத்தப் புடிச்சுக்கிட்டு வந்து தொறந்தான். 'அம்மா, இன்னிக்கு வர்றதா பேசலையே'ன்னான். சூப்பை வாங்கிக்கிட்டான். 'களைப்பா இருக்கு, வியாழக்கிழமை பாப்போம்'னு கதவைச் சாத்திட்டான்."

"அதோட வந்துட்டியா?"

"நம்ம வீடுங்கள்ல எவ ஜன்னல்ல திரை போடறா? தெருவுலேருந்தே எல்லாம் தெரிஞ்சுது. நாற்காலி வரைக்கும் அவனால போக முடியல. பாத்திரத்தோட அப்படியே தரையில உக்காந்துட்டான். அங்கேருந்து என்னப் பாத்தான். சிரிச்சுக்கிட்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், ஒண்ணும் இல்ல போன்னு."

"நீ என்னடி பண்ணின?"

"நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்."