தங்கம் நுழையக் கூடாத உலை

பல்கலைக்கழக நானோ ஆய்வகத்துக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் உலையக்கா. வெள்ளை அங்கிக்குள் கண் மட்டும் தெரிய நின்றவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "என்ன தம்பி, போட்டோ எடுக்கவா வந்தீங்க? பவுடரைக் கழுவிட்டு வாங்க." எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் அன்று பவுடர் கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருந்தது. தூசிக்கே அனுமதியில்லாத அறைகள் அவை.

அந்த ஆய்வகம் எந்தக் கல்லூரிக்கும் தனிச் சொத்து இல்லை. தனியாக வாங்கக் கட்டுப்படியாகாத கருவிகளைப் பல கல்லூரிகள் முறைவைத்துப் பயன்படுத்தின. வேஃபர் எனப்படும் மெல்லிய சிலிக்கான் வட்டுகளைச் சூடேற்றும் உலை அக்காவின் பொறுப்பு. முன்பு பல்பு ஆலையில் கண்ணாடிப் பிரிவில் இருந்தவர். ஆலையை மூடியதும் இங்கே ஒப்பந்த வேலைக்கு வந்தார். கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபின் குடும்பம் அவர் சம்பளத்தில்தான் நின்றது. அந்த வருடம் அவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது.

உலைக்கு ஒரு சட்டம் உண்டு: தங்கம் கிட்டே வரக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத துணுக்கு போனாலும் சூட்டில் குழாய்ச் சுவரில் ஏறிக்கொள்ளும். பிறகு உள்ளே போகிற எல்லோருடைய வேஃபரிலும் இறங்கும். அதனால் இடுக்கிகளுக்கு வண்ண நாடா ஒட்டியிருந்தார்கள். உலைக்குப் பச்சை, தங்க வேலைக்கு மஞ்சள். யாராவது மறந்து மஞ்சளோடு வந்தால் அக்கா வழிமறிப்பார். "என் மோதிரத்தையே வீட்ல கழட்டி வெச்சுட்டு வர்றேன். உங்க தங்கம் மட்டும் என்ன ஒசத்தியா?"

மழைக்கால முடிவில் வேஃபர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாழாயின. மின்சாரம் நிற்கவேண்டிய இடத்தில் கசிந்தது. சோதித்தபோது உலைக்குழாயில் தங்கம் இருப்பது தெரிந்தது. வேஃபர்கள் பாழாகத் தொடங்கிய வாரம் தங்கத்தில் வேலை செய்த மாணவன் ஒருவன்தான்: எங்கள் கல்லூரி நண்பன் தாடி. தாடிக்கென்று தனி உறை மாட்டிக்கொண்டு உள்ளே வருபவன். உலைப் பக்கமே போகவில்லை என்று தலையிலடித்துக்கொண்டு சொன்னான். பல மாத உழைப்பைப் பறிகொடுத்தவர்கள் காதில் அது ஏறவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். ஆய்வகத்துக்குள் வரும் அனுமதியை ரத்து செய்தால் அவனுடைய முனைவர் பட்டம் அத்தோடு நின்றுவிடும்.

எல்லாக் கல்லூரிக்காரர்களையும் உட்காரவைத்து, ரத்து செய்வதைத் தவிர வழியில்லை என்று இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் உலையக்கா எழுந்தார்.

"சார், அது தாடித் தம்பி இல்லை. நான்தான்."

நடந்ததைச் சொன்னார். மூன்று வாரம் முன்பு பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகம் பார்க்க வந்தார்கள். மின்னணு நுண்ணோக்கியில் படம் தெளிவாக விழவேண்டும் என்று ஓர் எறும்புக்கு மெல்லிசாகத் தங்கம் பூசி வைத்திருந்தார். மஞ்சள் இடுக்கி கழுவப் போயிருந்தது. பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று கையில் கிடைத்த பச்சை இடுக்கியால் எறும்பை எடுத்து வைத்தார். வேலை முடிந்ததும், கை பழகிய வழியே இடுக்கி உலை மேசைக்குத் திரும்பிவிட்டது.

"ஒரு எறும்பா நம்ம வருஷத்தைத் தின்னுச்சு?" என்று யாரோ சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "எப்போம்மா ஞாபகம் வந்துச்சு?"

"முந்தாநாளே வந்துடுச்சு சார். நிரந்தர வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். இப்போ இந்தத் தம்பி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியலை."

தாடி நன்றி சொல்லுவான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவருகே நின்று, "இந்த ரெண்டு நாளும் எங்கப்பா கூப்பிட்டப்ப நான் போனை எடுக்கவே இல்லைக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

குழாயைக் கழற்றி எறிந்து புதிது போட்டார்கள். நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம். அக்காவுக்காக இயக்குநர் நிர்வாகத்திடம் வாதாடிப் பார்த்தார். தவறு மன்னிக்கத்தக்கது, மறைத்தது அப்படியல்ல என்று பதில் வந்தது. நிரந்தரப் பணி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி நான் அக்காவிடம் கேட்டபோது, அவர்கள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்றார்.

தாடி பல மாதம் அவரிடம் பேசவில்லை. ஒருநாள் அவன் அங்கியின் ஜிப் சிக்கிக்கொண்டது. அக்கா வந்து சரிசெய்தார். அதன்பின் பேசினான், முன்போல இல்லை.

இப்போது தாடி வேறோர் ஊரில் பேராசிரியர். நான் அதே ஆய்வகத்தில் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறேன். உலையக்கா நுண்ணோக்கி அறையில் வேலை செய்கிறார், இன்னும் ஒப்பந்த ஊழியராகத்தான். உலை வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது.