பனிப்படம் ஞானதுரை

மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஓர் ஊது ஊதி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆங், எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று கேட்கிறார் ஞானதுரை. மாடி அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. கேள்வி கேபிள் கம்பி வழியாக ராஜபாளையத்தின் ஏழெட்டுத் தெருக்களுக்குப் போகிறது. மில்லிலிருந்து ஷிப்டு முடிந்து வந்த ஒருவர் தம் வீட்டு டிவியைப் பார்த்து, "உக்காந்தாச்சு அண்ணாச்சி" என்று பதில் சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்கிறார். அது காதில் விழுந்துவிட்டது போலவே ஞானதுரை தலையாட்டுகிறார். வீடியோ டெக்கின் பொத்தானை அமுக்குகிறார். திரையில் பனி விழ ஆரம்பிக்கிறது.

ஊரில் கேபிள் கம்பி இழுத்தவர்கள் பல பேர். ஆனால் அமெரிக்க டெலிவிஷன்காரன் கிறிஸ்துமஸுக்கென்று எடுக்கிற காதல் படத்தை டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டு, படம் ஓட ஓடப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்லுகிறவர் இவர் ஒருவர்தான். மதுரையில் உண்டா? இல்லை. மெட்ராஸில் உண்டா? அங்கேயும் இல்லை. ஊர் அதற்குப் பனிப்படம் என்று பேர் வைத்தது. அவர் பேருக்கு முன்னாலும் அதையே ஒட்டிவிட்டது.

ஞானதுரைக்கு இங்கிலீஷ் தெரியாது. அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. "தெரிஞ்சிருந்தா அவன் சொல்றதத்தான் நானும் சொல்லிக்கிட்டுக் கெடக்கணும்" என்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பஞ்சு மூட்டை தூக்கினார். மைக் செட் வாடகைக்கு விட்டார். எண்பத்து நாலில் டிவியும் டெக்கும் வாங்கிக் கல்யாண வீடுகளுக்குச் சுமந்துகொண்டு போனார். தொண்ணூற்று இரண்டில் மொட்டை மாடியில் மல்லாந்த குடை மாதிரி டிஷ் நிறுத்தினார். யாரும் கைதூக்கி விடவில்லை, தானே ஏறித் தானே நின்றதாக, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். சொல்லட்டும், நின்றது உண்மைதானே.

படக் கேசட்டுகளை அனுப்புவது பரிபூரணம், அவருடைய தங்கை மகள். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கிறாள். டிவியில் ஓடும்போதே பதிவு செய்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாள். அந்த ஊர் கேசட்டை நம் டெக்கில் போட்டால் கோடு கோடாகத்தான் வரும். ஞானதுரையிடம் இருப்பது எந்த நாட்டுக் கேசட்டையும் தின்கிற மல்டி சிஸ்டம் டெக். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டு வைக்காத குறைதான். நடுவில் வருகிற அமெரிக்க விளம்பரங்களையும் அவர் விடமாட்டார், அவற்றுக்கும் கதை சொல்வார். சூப் டப்பா விளம்பரத்தை, 'மாமியாருக்கு வயிறு சரியில்லை, மருமகள் கஷாயம் காய்ச்சுகிறாள்' என்று அவர் சொன்ன மறுநாள், இரண்டு பெண்கள் கடைத்தெருவில் அந்தக் கஷாயத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

முகமும் முகமும் நெருங்கி வருகிற இடத்தில் சுவிட்சைத் தட்டுவார். திரை முழுக்க ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் நிற்கும். மூச்சு விடாமல் ஊரே பார்க்கிற நேரம் அது என்பதால், அந்த இடத்துக்கு மட்டும் ஜவுளிக்கடைக்காரர் கூடுதல் கட்டணம் தருகிறார்.

எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்பது அவருடைய தொழில் வைராக்கியம். பார்த்துவிட்டால் சொல்லுகிற வாயில் ருசி போய்விடுமாம். கதாநாயகிக்கு எப்போதும் மேரி என்று பேர். கிறிஸ்துமஸ் மரம் விற்கிற பையன் கதாநாயகன். போனைக் காதில் ஒட்டிக்கொண்டு திரிகிற பட்டணத்து மாப்பிள்ளைக்குப் பேரே கிடையாது. 'அந்தப் பய' தான்.

டீக்கடை பால்ச்சாமிக்கு இந்தப் படங்கள் ஆகாது.

"ஒரே கதையத்தான வருசா வருசம் விடுதீரு? பட்டணத்துப் பிள்ளை ஊருக்கு வருவா. மரக்காரனோட சண்டை போடுவா. ரொட்டி சுடுவா. பனியில வழுக்கி விழுவா. அவன் தூக்கி விடுவான். இதுக்கு நாங்க மாசா மாசம் சந்தா கட்டணுமாக்கும்."

"நீயும் ஒரே டீயத்தான தெனமும் ஆத்துத. நான் குடிக்கலையா?" என்றார் ஞானதுரை.

பிறகு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டு படத்தின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் லேசில் நிற்காது. ஒருத்தனும் கத்தியைத் தூக்கமாட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பண்டிகைக்குள் இறங்கிவிடும். மாமியார்க்காரி வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிடுவாள். அப்பன், மகள், மருமகள், கொழுந்தன் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கலாம். முத்தம் வந்தால் ஜவுளிக்கடை இருக்கிறது. "நல்லா முடியும்னு தெரிஞ்சிக்கிட்டு உக்காருறது எம்புட்டு நிம்மதி தெரியுமாலே? மில்லுக்குள்ள பஞ்சத் தின்னுட்டு வாரவனுக்கு, அடுத்து என்ன ஆகுமோங்கற பயம் வேற வேணுமா?"

குற்றத்தையும் மறைக்கமாட்டார். சரக்கு தம்முடையது என்பதற்காகச் சொத்தையை நல்லது என்று விற்கிற ஆள் இல்லை. கல்யாணம் பேசுகிறார்கள், பையனுக்குச் சொத்து என்ன, எந்தச் சபை, சொந்தபந்தம் யார், ஒருவரும் கேட்பதில்லை. அத்தனை பனியில் ஒருத்திக்குக்கூட மூக்கு ஒழுகுவதில்லை. மரம் பண்டிகைக்குத்தான் விற்கும். மிச்ச மாதமெல்லாம் அந்தப் பையன் என்னத்தைத் தின்பான்? இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவார். அவருக்குப் பொறுக்காதது ஒன்றுதான்.

"படிச்சு, பெரிய ஆபீசுல நாற்காலி போட்டு உக்காந்தவ. கடைசிப் பத்து நிமிசத்துல மரக்காரனுக்காக வேலைய விட்டுருதா. வேலைங்கறது என்ன, வேர்த்தா கழட்டிப் போடுத சட்டையா?"

போன டிசம்பரில் இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் இறங்கியிருந்தது. காரணம் அவருடைய மகள் ஜெயபாய்.

ஜெயபாய் பாலிடெக்னிக் படித்து, கோவில்பட்டிப் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனில் ஜூனியர் இன்ஜினியராக இருக்கிறாள். "என் மக கரண்டு விடுதா, நான் படம் விடுதேன். நாங்க ரெண்டு பேரும் கைய விட்டா ஊரு இருட்டு" என்பது ஞானதுரை வாயில் ஓயாத பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரும்புக்கடை வைத்திருக்கிற சௌந்தரபாண்டியன் தம் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தார். பையனுக்குப் பிள்ளையைப் பிடித்தது, பிள்ளைக்கும் பையனைப் பிடித்தது. சௌந்தரபாண்டியன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதட்டிச் சொல்லவில்லை, பால்கோவாப் பெட்டியை நீட்டிக்கொண்டே சிரித்தபடி சொன்னார். ஞானதுரை பெட்டியை வாங்கிக்கொண்டு, "பாப்போம்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுதாவ. சம்பந்தி வீட்டுக்காரவிய முன்னால மட்டும் வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிடுதாவ" என்றார் மனைவி செல்லக்கனி. பொய்யில்லை. முதலாளிமாரிடமும் போலீசிடமும் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவர், பெண்ணைப் பெற்றவனாக ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்ததும் குரல் கட்டிப்போனார்.

பண்டிகை லீவில் வந்த ஜெயபாய் சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, எனக்கு அவரும் வேணும், வேலையும் வேணும். ஒண்ண விடுன்னா அவரத்தான் விடுவேன். அத நான் சொன்னா வாயாடிம்பாங்க. நீங்க சொல்லுங்க."

சொல்கிறேன் என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், தேதி குறிக்கச் சௌந்தரபாண்டியன் வந்து இறங்கினார். கீழே கூடத்தில் டிவிக்கு முன்னால் உட்காரவைத்து, காபி கொடுத்து, அது குடித்து முடிவதற்குள், "படத்துக்கு நேரமாச்சு, செத்த நேரம் பாத்துக்கிட்டு இருங்க, வாரேன்" என்று ஞானதுரை மாடிக்கு ஓடிவிட்டார். பயந்து ஓடினார் என்று செல்லக்கனி சொல்வதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொழில் தொழில்தான்.

படம் நன்றாகவே போயிற்று. மேரி பேப்பர் ஆபீசில் பெரிய உத்தியோகம். மரக்காரப் பையன் வீட்டுச் சுவரில் ஒரு கிழவருடைய படம் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "பாவம், தகப்பனில்லாத பையன்" என்று ஞானதுரை சொன்னார். பல வீடுகளில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். 'அந்தப் பய' போனோடு பட்டணம் திரும்பினான். கடைசியில் ரயிலடி. மேரி கையில் பெட்டி. ரயில் புறப்படத் தயார். பையன் மூச்சிரைக்க ஓடி வந்து முன்னால் நின்றான். மேரி வாயைத் திறந்தாள்.

கேசட் அங்கே முடிந்துவிட்டது. பரிபூரணம் பதிவு செய்யும்போதே நாடா தீர்ந்துபோயிருக்கிறது. முன்னாலேயே பார்த்து வைக்கிறவராக இருந்தால் தெரிந்திருக்கும். திரையில் ஆளும் இல்லை, ரயிலும் இல்லை. வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இஸ்ஸென்ற இரைச்சலோடு கொட்டிக்கொண்டிருந்தன.

இன்னொருவராக இருந்தால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பார். ஞானதுரை மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"ஆத்தாடி, பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட பனி" என்றார். "ஊரே மறைஞ்சிருச்சு. ஆளு தெரியல. ஆனா பேசுறது கேக்குது, நான் சொல்லுதேன். மேரி பெட்டியக் கீழ வச்சிட்டா. மேரி சொல்லுதா..."

பழக்கத்தில் நாக்கு அந்தப் பழைய இடத்துக்கே போயிற்று: வேலையை விட்டுவிட்டேன், உன்னோடு வருகிறேன். போன நாக்கு அங்கேயே நின்றது. காபி கொண்டுவந்த ஜெயபாய் கதவோரம் நின்றிருந்தாள். ஞானதுரை அவளைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார்.

"மேரி சொல்லுதா, 'எனக்கு உன்னையும் பிடிச்சிருக்கு, என் வேலையையும் பிடிச்சிருக்கு. வேலைய விடமாட்டேன்.' பையன் முழிக்கான். அந்த நேரம் பாத்து யாரு வாரா? பையனோட அப்பா. பெரிய மனுசன், நாலும் தெரிஞ்சவரு. வந்து பிள்ளை தலையில கைய வச்சிச் சொல்லுதாரு, 'எம்மா, கடைக்குக் கணக்கெழுத ஆயிரம் பேரு கெடைப்பான். ஊருக்குக் கரண்டு விட யாரு கெடைப்பா? நீ போயிட்டு வா. வீடு எங்கயும் ஓடிறாது.' ரயிலு ஊதுது. எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்."

மைக்கை அணைத்தபோது சட்டை நனைந்திருந்தது. ஜெயபாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள். டீக்கடைப் பெஞ்சில் பால்ச்சாமி மட்டும் முதல்தடவையாக ஒரு பனிப்படத்துக்குக் கை தட்டினார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஞானதுரை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். கூடத்தில் சௌந்தரபாண்டியன் பெஞ்சில் உட்கார்ந்து, புள்ளி கொட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். செல்லக்கனி அடுக்களை வாசலில் நின்றார்.

"பனி இன்னும் நிக்கல அண்ணாச்சி" என்றார் சௌந்தரபாண்டியன்.

"இந்த வருசம் அங்க ஜாஸ்தி."

"அந்தப் பையனுக்கு அப்பா கெடையாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"சித்தப்பாவா இருக்கும். பனியில சரியாத் தெரியல."

"இருக்கட்டும். மேரி பேப்பர் ஆபீசுலதான இருந்தா. கரண்டு எப்ப விட ஆரம்பிச்சா?"

அடுக்களை வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் கதை சொல்லி ஞானதுரை மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. திரையிலிருந்து முகத்தைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார்.

"அது மேரி சொன்னது, அவ மாமனார் சொன்னது. எல்லாம் கேட்டுக்கிட்டேன். பிள்ளையப் பெத்தவரு நீங்க. நீங்க என்ன சொல்லுதீக?"

ஞானதுரை தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார். அவருடைய வலது கை தன்னால் மேலே எழுந்தது. விரல்கள் மடங்கி, வாய்க்கு முன்னால், இல்லாத மைக்கைப் பிடித்தபடி நின்றன.

"என் மக வேலைய விடமாட்டா" என்றார், அந்தக் கைமுட்டியிடம். "நானும் விடச் சொல்லமாட்டேன்."

சௌந்தரபாண்டியன் எழுந்தார். அந்தக் கைமுட்டியைப் பிடித்து வாய்க்கு முன்னாலிருந்து மெல்லக் கீழே இறக்கினார்.

"மைக்கு எதுக்கு சம்பந்தி, பக்கத்துலதான நிக்கேன்" என்று சொல்லி, பிடித்த கையை விடாமல், பெஞ்சில் தம் பக்கத்திலேயே அவரை இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.