ஃபேக்டரிப் பாட்டு

என்னைப் பெண் பார்க்க வந்தவரும் என் அப்பாவும் போட்ட சண்டையில், நான் கொண்டுபோய் வைத்த போஹே ஆறி, மறுபடி வெறும் அவலாகவே விறைத்துப்போனது. புனேயில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போஹே வைக்காவிட்டால் சம்பந்தம் அமையாது என்று பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சொல்லியிருந்ததால், கேசரி, பஜ்ஜியோடு அம்மா அதையும் செய்திருந்தாள். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கேசட் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு புனேயை ஒட்டிய நிக்டியில். அப்பாவுக்கு இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரை ஆறு மாதப் பயிற்சிக்கு அமெரிக்காவின் தெற்குப் பக்கம் அனுப்பினார்கள். திரும்பி வந்த பெட்டியில் எங்களுக்கு ஆளுக்கொரு சட்டை. மீதியெல்லாம் அந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டான கண்ட்ரி மியூசிக் கேசட். அங்கே தினமும் காரில் கூட்டிப்போன ஆள் வழியெல்லாம் அதைத்தான் போடுவானாம். எல்லாம் அப்போது புதிதாக வந்த பாட்டுகள், டிரம்ஸ் அதிரும். இன்றைக்கு எந்தப் பாட்டும் கைப்பேசியில் நொடியில் வந்துவிடுகிறது. அன்றைக்கு எங்கள் காலனியில் பஜனும் சினிமாப் பாட்டும் ஒலிக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வெள்ளைக்காரன் தன் லாரியைப் பற்றிப் பாடிக்கொண்டிருப்பான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

முன்னால் வந்த மாப்பிள்ளைகளுக்கும் அப்பா ஒரு பாட்டைப் போட்டுக் காட்டத்தான் செய்தார். "சூப்பர் அங்கிள்" என்று எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். எனக்கு ஒருத்தரையும் பிடிக்கவில்லை. வயசு ஏறுகிறதே என்று அம்மா ஒரு சாமியையும் விட்டுவைக்காமல் நேர்ந்துகொண்டிருந்தாள்.

இவர் புனேயிலேயே கோந்த்வாவில் நண்பர்களோடு வாடகைக்கு இருந்த சாஃப்ட்வேர்காரர். டெக்சஸில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். "கண்ட்ரி கேப்பீங்களா அங்கிள்?" என்று முகம் மலரக் கேட்டதும் அப்பா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். அடுத்த பேச்சில் எல்லாம் கெட்டது. "ஆனா இந்தப் புதுக் கண்ட்ரியெல்லாம் ஒரே அச்சு அங்கிள். ஃபேக்டரியில செஞ்ச மாதிரி இருக்கும். ஆல்ட்-கண்ட்ரின்னு தனியா சில பேர் பாடுறாங்க. அதான் அசல்."

தரக் கட்டுப்பாட்டுக்காரர் வீட்டில் பேசுகிற பேச்சா இது? அப்பாவின் காது மடல் சிவந்தது. "ஃபேக்டரியில செஞ்சா மட்டமா தம்பி? நூறு பீஸும் ஒண்ணுபோல வரணும்னா என்ன பாடு தெரியுமா?"

"பீஸ் ஒண்ணுபோல வரட்டும் அங்கிள். பாட்டு வரலாமா?" என்றவர், தன் பையிலிருந்த சிடி பிளேயரை எடுத்து, அதன் ஹெட்ஃபோனை அப்பாவின் காதில் மாட்டியே விட்டார். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். "கொரலு ஒடையுதுல்லா. சுருதி வெலகுது. எங்க டிபார்ட்மெண்ட்ல இது ரிஜெக்‌ஷன்."

"அழுறவனுக்குக் குரல் உடையாதா அங்கிள்?"

கூட வந்திருந்த அவருடைய அம்மா அவர் முழங்காலைக் கிள்ளியதை நான் பார்த்தேன். அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது, இவர் சொன்னதிலும் இருந்தது. எனக்கு அதுவா முக்கியம்? அப்பா முகத்துக்கு நேரே ஒருவர் மறுத்துப் பேசுகிறார், அதையும் சிரித்த முகமாகச் சொல்கிறார். கட்டினால் இவரைத்தான் என்று கதவருகிலேயே முடிவு பண்ணிவிட்டேன். என்னை யார் கேட்டார்கள்? "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

ஒரு வாரம் தகவலே இல்லை. அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். "அவன் சொல்லுதது ஏக்தம் பக்வாஸ், சுத்தப் பேத்தல்" என்று முனகினாரே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு கேசட்டும் போடவில்லை. எனக்கு இனி வரப்போகும் தலையாட்டிகளை நினைத்தால் அழுகையாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. அப்பா எடுத்தார். "ஆங், சொல்லுங்க தம்பி." நானும் அம்மாவும் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றோம். "அதெப்படி? ஒத்துக்க மாட்டேன்" என்றார். பிறகு சிரித்தார். பிறகு மறுபடி ஒத்துக்க மாட்டேன் என்றார். அடுப்பில் குழம்பு சுண்டியே போயிற்று. ஒருவழியாகப் போனை வைத்தவரின் முகமெல்லாம் பல். "நாளைக்கு வாரானாம். நாலு சிடி கொண்டாரானாம். வரட்டும், ஒரு கை பாத்துருவோம்."

"கல்யாணத்தப் பத்தி என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா.

அப்பா திருதிருவென்று விழித்தார். "அதக் கேக்கலியே."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஜாதகத்தோடு வந்திருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை செய்யாத காரியம். "நாளைக்கு எங்க அப்பாவப் பாக்க வாரீங்களா, என்னையப் பாக்கவா?"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லத்தாங்க போன் பண்ணினேன். மூணு தடவை ஆரம்பிச்சேன். உங்க அப்பா விட்டாத்தானே?"

"அப்ப என்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். பின்னால் நின்ற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்குக் காதுல மாட்டுனான்லா, அந்த சிடியவும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லும்மா."